வீதியோரத்துப் பெயர்கள்



பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்கு பஸ்ஸில் வரும்போது வீதியின் இருமருங்கும் மணலில் நிற்கும் செடிகளை எத்தனையோ தடவை கண்டிருப்பீர்கள். எருக்கலை, ஆவாரை, ஊமத்தை, துத்தி... நாம் நட்டவையல்ல, தண்ணீர் ஊற்றியவையுமல்ல. ஆடு கடித்ததுபோக மிஞ்சியவை!

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் தங்கையின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "பெரியும்மா, இந்த லத்தீன் பெயர்கள் வாய்க்குள் நுழையவே மாட்டேன் என்கின்றன" என்று ஒரே சலிப்பு. அஸருக்குப் பின் அவளை அழைத்துக்கொண்டு வீதியோரமாக நடந்தேன். அன்று பேசியவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

நமது ஊரிலுள்ள ஒல்லாந்தர் கோட்டை 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடிக்கப்பட்டது. அது எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1672இல், ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக போல் ஹெர்மன் என்பவர் இலங்கைக்கு வந்தார். செடிகளைப் பறித்து உலர்த்தி, தாளில் ஒட்டி, ஊரார் சொன்ன பெயர்களையும் எழுதி வைத்தார். பல்லாண்டுகளின் பின் அத்தாள்கள் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் கைக்குச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டே 1747இல் 'ஃப்ளோரா ஸெய்லானிகா' என்னும் நூலை அவர் எழுதினார். ஒரு பெயரின் ஈற்றில் 'ஸெய்லானிகா' என்று கண்டால், அது நம் இலங்கையைத்தான் சொல்கிறது.

எருக்கலைக்கு 'கலோட்ரொபிஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் 'அழகிய தோணி அடிமரம்' என்று பொருள். பூவின் நடுவேயுள்ள மடிப்புகளை உற்றுப் பாருங்கள், கடற்கரைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடலோரம் படரும் அடம்பனுக்கு 'பெஸ்‌-கேப்ரே', ஆட்டின் கால். இலை பிளந்திருப்பது குளம்பு போலத்தானே!

ஆவாரை 'ஸென்னா ஒரிகுலாட்டா'. ஒரிகுலா என்றால் சிறு காது. இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற இரு சிற்றிலைகள் இருக்கும். ஸென்னா எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், பிள்ளை விழித்தாள். அது அரபியின் 'ஸனா' அல்லவா! ஹதீஸ்களில் வரும் அதே சொல். ஆனால் ஒன்று: மருந்துக்கடை ஸனா வேறு, நம் வீதியோரத்து ஆவாரை வேறு. இனம் ஒன்று, செடி இரண்டு. ரணவரா என்று நாம் அவித்துக் குடிப்பது ஆவாரைதான். ஸனாவோ பேதி மருந்து. அதை அந்த அளவில் குடித்தால் வயிறு தாங்காது. துத்தியின் 'அபூட்டிலோன்' என்ற பெயரும் அரபு வைத்திய நூல்களிலிருந்து போனதே.

இனி, ஊமத்தை. 'டட்டூரா மெட்டல்'. முதற்சொல் நம் நாடுகளின் 'தத்தூர'. இரண்டாவது, அரபு வைத்தியர்கள் 'ஜவ்ஸ் மாஸில்' என்று எழுதியதன் மிச்சம். இந்தப் பெயரை மட்டும் நீங்கள் மனனம் செய்துகொள்ள வேண்டும். முள்ளுக்காயை உடைத்துச் சிறுவர் விளையாடுவார்கள், விதை வாய்க்குள் போய்விடும். வாய் வறளும், கண்மணி விரியும், உடல் சுடும், பிள்ளை பிதற்றும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள். அங்கே டாக்டருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம்; நீங்கள் 'ஊமத்தை, ஊமத்தை' என்று அழுது பயனில்லை. சிங்களத்தில் அது 'அத்தன'. அதுவும் நினைவுக்கு வராவிட்டால் 'டட்டூரா' என்ற ஒரு சொல் போதும், எந்த நாட்டு டாக்டருக்கும் விளங்கும்.

வேலியில் படரும் கார்த்திகைப் பூவும் அப்படியே. 'குளோரியோசா சூப்பர்பா', மகிமையானது, மிகச் சிறந்தது என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் கிழங்கைத் தின்று பார்க்கவில்லை போலும்! வள்ளிக்கிழங்கென்று ஏமாந்து அவித்தால் உயிருக்கே ஆபத்து. சிங்களத்தில் 'நியங்கலா'.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் நீங்களாக வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இலையும் காயுமாக ஒரு கிளையை முறித்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, பிள்ளையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள்.