'ஏன் அங்க போன?': கல்ட் குழுவிலிருந்து திரும்பியவரிடம் கேட்கக் கூடாத கேள்வி இதுதானா?

'கல்ட்' என்றதும் நம்மில் பலருக்கு கல்ட் கிளாசிக் படங்கள்தான் ஞாபகம் வரும். இது வேற கல்ட். தலைவர் சொல்வதே வேதம், கேள்வி கேட்டால் துரோகி, வெளியே போனால் அழிவு என்று இயங்கும் மூடிய குழு.

1978 நவம்பர் 18. தென் அமெரிக்காவின் கயானாவில், ஜிம் ஜோன்ஸ் என்பவரின் குழு வாழ்ந்த ஜோன்ஸ்டவுனில் ஒரே நாளில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் சுமார் 300 பேர் குழந்தைகளும் சிறார்களும். 'இவ்வளவு பேர் எப்படி ஏமாந்தாங்க?' என்பதுதான் அன்று எல்லோரும் கேட்டது.

அமெரிக்காவின் மருத்துவ உளவியலாளர் மார்கரெட் சிங்கர் கேட்டது வேறு: இப்படிப்பட்ட குழுக்களிலிருந்து உயிரோடு வெளியே வருபவர்களுக்கு என்ன ஆகிறது?

1950-களில், கொரியப் போரில் சிறைபிடிக்கப்பட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களை ஆராய்ந்தவர் அவர். 1970-களில் கல்ட் குழுக்களை விட்டு வந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவிட்டார். அதில் கண்டதை 1979 ஜனவரியில், ஜோன்ஸ்டவுன் நடந்து இரண்டே மாதங்களில் வெளியான ஒரு கட்டுரையில் எழுதினார்.

மனச்சோர்வும் தனிமையும் வரும் என்பது யாரும் ஊகிக்கக்கூடியதுதான். யோசிக்க வைப்பவை மற்றவை. எப்போது எழுவது, என்ன செய்வது என எல்லாவற்றையும் குழுவே தீர்மானித்துக் கொடுத்ததால், வெளியே வந்ததும் சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் திணறுகிறார்கள். வேலையில் இருக்கும்போதே மனம் சட்டென்று பழைய மயக்க நிலைக்கு நழுவிவிடுகிறது. மறுபடி போய்விடுவானோ என்று வீட்டில் எல்லோரும் கண்கொட்டாமல் கவனிக்க, மீன்தொட்டிக்குள் இருப்பது போலத் தவிக்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது. நேற்று வரை 'உலகத்தைக் காப்பாற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்'. இன்று வேலை தேடும் சாதாரண ஆள். நல்லது செய்யணும் என்ற அதே ஆசைதான் உள்ளே இழுத்தது. இனி அந்த ஆசையை நம்பலாமா என்பதே குழப்பம். இதை 'முட்டாள்தனம்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எவ்வளவு அநியாயம்!

சரி, சிங்கர் சொன்னதெல்லாம் அப்படியே ஏற்கப்பட்டதா? இல்லை. அவர் தலைமையிலான குழு தயாரித்த அறிக்கையை, போதிய அறிவியல் கறார்த்தன்மை இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 1987-ல் நிராகரித்தது. 1990-ல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கில் அவரது நிபுணர் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவர் பேசியவர்களில் பலர் குடும்பத்தாரின் தலையீட்டால் வெளியே வந்தவர்கள். தானாக விலகிப் போனவர்களையும் சேர்த்திருந்தால் படம் மாறியிருக்கும் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனா அந்தச் சண்டையெல்லாம் பெரும்பாலும் 'மூளைச்சலவை' பற்றியது. ஒருவரின் சுயபுத்தியை ஒரு குழு மொத்தமாகப் பறித்துவிட முடியுமா, அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியுமா என்ற கேள்வி. டிவி விவாதங்களில் பிடிக்காத கட்சிக்காரரை எல்லாம் 'மூளைச்சலவை செய்யப்பட்டவர்' என்று சொல்லிச் சொல்லி நாமும் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம். அந்தக் கோட்பாடு நிற்கிறதோ விழுகிறதோ, வெளியே வந்தவரின் தூக்கமின்மையும் பயமும் பொய்யாகிவிடாது. சிகிச்சைக்கு உள்ளே போன காரணம் முழுசாகத் தெரிந்தே ஆகணும் என்பதும் இல்லை.

அதனால்தான் 'ஏன் போன?' என்ற விசாரணை வீட்டில் முதலில் தொடங்கக் கூடாது. உள்ளே எப்படி இருந்தது என்பதை விளக்கிச் சொல்வதே பெரிய வேதனை என்று சிங்கரிடம் அவர்கள் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் போகணும் என்று எதிர்பார்க்கும் வீட்டுக்கு அவரது கட்டுரையில் ஒரு கணக்கும் இருக்கிறது. தங்கள் திறமைக்கேற்ற வாழ்க்கைக்குத் திரும்ப, அவர் சந்தித்தவர்களில் பெரும்பாலானோருக்கு 6 முதல் 18 மாதங்கள் தேவைப்பட்டன.