காயலான் கடைக்குப் போகும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்

நம் கூட்டங்களில் விதையைப் பற்றிப் பேசுகிறோம், மாட்டைப் பற்றிப் பேசுகிறோம், சந்தையைப் பற்றிப் பேசுகிறோம். வரப்பு மரத்தைப் பற்றியும் பேசுகிறோம், ஆனால் நடுவது வரைக்கும்தான். நட்ட மரம் பதினைந்து, இருபது வருஷம் கழித்து என்ன ஆகிறது? வியாபாரி வருகிறார், சுற்றளவைக் கண்ணாலேயே அளக்கிறார், ஒரு விலை சொல்கிறார், லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். அதே வேம்பும் பூவரசும் வாகையும் மண்வெட்டிப் பிடியாக, கட்டிலாக, கதவாக நம்மிடமே திரும்பி வருகின்றன. நெல்லை விற்று அரிசி வாங்குகிற அதே கதைதான்.

இதற்கு என் யோசனை, நாலைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு சின்ன மரவேலைப் பட்டறை வைத்துக்கொள்வது. ஒரு இழைப்பு மெஷின், ஒரு சின்ன வட்ட ரம்பம், ஒரு கடைசல் மெஷின் இருந்தால் போதும். அதற்குப் புது மெஷின் வேண்டியதில்லை. மூடிக் கிடக்கும் மில்களிலும் பழைய பட்டறைகளிலும் இருக்கிற மெஷின்கள் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை மீட்டாலே போதும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் முதலில் கணக்கைச் சொல்கிறேன். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஒரு லட்ச ரூபாய் மெஷின் பத்து வருஷத்தில் ஏட்டில் ஏறத்தாழ 19,700 ரூபாய். இருபது வருஷத்தில் 3,900 ரூபாய்கூட இல்லை. ஆனால் ஏட்டில் தேய்ந்த அளவுக்கு இரும்பு தேய்வதில்லை. பெல்ட் தேயும், பேரிங் தேயும், கத்தி தேயும். அரை டன் வார்ப்பிரும்பு மேசையும் உடம்பும் அப்படியேதான் இருக்கும். ஏட்டு மதிப்புக்கும் இரும்பின் உழைப்புக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கிற லாபம்.

பழைய வார்ப்பிரும்பு உடம்பின் பெருமை அதன் எடை. அது அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். தகரத்தை மடித்துச் செய்த இன்றைய மலிவு மெஷின் ஆடுகிற ஆட்டம் அதில் இருக்காது. தேனீப் பெட்டி செய்கிறவர்களுக்கு இது புரியும். நூறு வருஷத்துக்கு முன் பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீக்காகத் தென்னிந்தியாவில் வடிவமைத்த பெட்டியைத்தான் இன்றைக்கும் நியூட்டன் பெட்டி என்கிறோம். அதில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி வேண்டும். கூடினால் தேனீ அங்கே அடை கட்டிவிடும், குறைந்தால் நுழைய முடியாது. பலகை ஒரே கனத்தில் வராவிட்டால் பெட்டி உதவாது.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் அல்லவா, அதுபோல ஒரு சின்னச் சுத்தியலால் உடம்பைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்காவது கீறல் இருக்கலாம். வார்ப்பிரும்புக் கீறலைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது, பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். மேசையின் மேல் நேரான இரும்பு மட்டத்தை வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தோலோடு போய்விடும்.

துரு எடுக்க ஆசிடும் வேண்டாம். கரும்பு ஆலைக் கழிவுப்பாகு, மொலாசஸ் என்கிறோமே, அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறப் போட்டால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் துரு கழன்றுவிடும். ஜீவாமிர்தத்துக்கு வெல்லம் கரைக்கிற நமக்கு இது புது வேலை இல்லை. இரும்புப் பாகங்களை மட்டும் போடுங்கள், அலுமினியம் போட்டால் அரித்துவிடும். எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். பழைய பெயின்ட் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. ஈரத்தோடு சுரண்டி, கீழே தார்ப்பாய் விரித்து, தூளைச் சேர்த்துத் தனியாக அப்புறப்படுத்துங்கள். பத்து வருஷம் ரசாயனம் போடாமல் காப்பாற்றிய மண்ணில் அந்தத் தூள் விழக் கூடாது.

அப்படின்னா பழசு எல்லாமே நல்லதா? இல்லீங்க. இங்கேதான் பழைய மெஷின் பிரியர்களோடு எனக்குத் தகராறு. எல்லாம் ‘ஒரிஜினலாக’ இருக்க வேண்டும் என்கிறார்கள். இரும்பைப் பழசாகவே வையுங்கள், ஆனால் மனுஷன் கை போகிற இடத்தை எல்லாம் புதுசாக்குங்கள் என்கிறேன் நான்.

முதலாவது கட்டர் பிளாக். பழைய இழைப்பு மெஷின்களில் அது சதுரமாக இருக்கும். மேசைக்கும் அதற்கும் நடுவே பெரிய வாய் திறந்திருக்கும். கை வழுக்கினால் விரல் நுனியோடு நிற்காது, கையையே இழுத்துக்கொள்ளும். கையால் தள்ளி இழைக்கிற மெஷினுக்கு உருளை வடிவக் கட்டர் பிளாக் கட்டாயம் என்று இங்கிலாந்தில் 1922ஆம் வருஷமே விதி போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று விதித்திருந்தது. நாலு பேர் வேலை செய்கிற கொட்டகைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. நாமேதான் இன்ஸ்பெக்டர். சதுர பிளாக் இருந்தால், உருளை பிளாக் மாற்றும் வரை மெஷினை ஓட்டாதீர்கள்.

இரண்டாவது ஸ்டார்ட்டர். எங்கள் பக்கத்து ஊர் ஆசாரி ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. கரண்ட் போயிருந்த நேரத்தில் கத்தியில் சிக்கிய சிராயை எடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் ‘ஆன்’லேயே இருந்தது. கரண்ட் வந்தது. சாதாரண சுவிட்சில் இதுதான் ஆபத்து. கரண்ட் போனால் தானே விடுபட்டு, திரும்ப நாம் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடுகிற ஸ்டார்ட்டர் வேண்டும். பம்ப்செட்டுக்கு வைக்கிற சாதாரண ஸ்டார்ட்டரே அந்த வேலையைச் செய்யும். ஆனால் கிணற்று மோட்டாருக்கு வைப்போமே ஆட்டோ ஸ்டார்ட்டர், அதை மட்டும் இதன் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்.

மூன்றாவது வேகம். பட்டை பெல்ட்டை எடுத்துவிட்டு வி பெல்ட் போடுவது நல்ல மாற்றம்தான். 1440 சுற்று மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, கட்டர் பிளாக்கில் 3 அங்குலப் புல்லி என்றால் 2880 சுற்று வரும். இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தால் வழவழப்பாக வருமே என்று ஆசைப்பட வேண்டாம். வேகம் ஒன்றரை மடங்கானால் கத்தியை வெளியே வீசுகிற விசை இரண்டே கால் மடங்காகும். மெஷினின் தகட்டில் போட்டிருக்கிற வேகத்தைத் தாண்டாதீர்கள்.

நான்காவது தூசி. மரத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. தூசியை உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் ஆடம்பரம் அல்ல. சேருகிற மரத்தூளை நேராக வயலில் கொட்டாதீர்கள், தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மாட்டுக்கொட்டகையில் விரித்து, கோமியத்தில் ஊறவிட்டு, எருக்குழியில் போடுங்கள்.

வங்கிக்காரன் புத்தியோடு இன்னும் இரண்டு வார்த்தை. இலவச விவசாய மின்சாரத்தில் இதை ஓட்டக் கூடாது. அனுமதித்த வேலைக்கு அல்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அபராதம் வரும். உரிய இணைப்பு வாங்கிவிடுங்கள். உருட்டு மரம் அறுக்கிற பெரிய ரம்பமும் வேண்டாம், அதற்கு வனத்துறை உரிமச் சிக்கல் உண்டு. அறுப்பது உரிமம் உள்ள மில்லில் நடக்கட்டும். இழைப்பதும் கடைவதும் நம்மிடம் நடக்கட்டும்.

ஒரு ஆளாக இதைச் செய்தால் அது பொழுதுபோக்கு. ஐந்து பேர் சேர்ந்து, ஊர் ஆசாரியைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு செய்தால் அது தொழில். அவரைக் கூலிக்கு வைக்காதீர்கள், பங்கு கொடுங்கள். மெஷின் நம்முடையது என்றாலும் மரத்தின் ரேகையைப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வட்டாரத்தில் எந்தெந்தப் பட்டறைகள் மூடிக் கிடக்கின்றன, உள்ளே என்னென்ன மெஷின்கள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். காயலான் கடை லாரி தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.