நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டால் மரியாதைக் குறைவா?

மார்ச் மாதம் வந்துவிட்டால் பல்கலைக்கழக மாணவர்களின் மின்னஞ்சலில் இரண்டு வகைத் தேதிகள் குவியத் தொடங்கும். ஒன்று, பாடங்களுக்கான படைப்புகள், தேர்வுகள். மற்றொன்று, மே மாதம் தொடங்கும் வேலைப் பயிற்சிக்கான நேர்காணல்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வந்து மோதுவது அதிசயமே இல்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்தச் சிக்கல் வரலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கான நேர்காணல், பள்ளியின் முன்னோட்டத் தேர்வு நேரத்தில் வந்து நிற்கக்கூடும்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? என் நண்பர்களிடையே நான் பார்த்தவரை, “வேறு நாள் கிடைக்குமா?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒரு தோழி 38 டிகிரி காய்ச்சலோடு காணொளி நேர்காணலில் உட்கார்ந்தாள். கேட்ட கேள்விகள் பாதி அவளுக்கு நினைவில்லை. இன்னொரு நண்பர் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகாமல் நேர்காணலுக்குப் போனார். மூன்றாவது ஒருவர் எதற்கும் போகவில்லை, யாரிடமும் எதுவும் கூறவுமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இருந்துவிட்டார். ஏன் என்று கேட்டபோது, “மாத்தச் சொன்னா திமிர் பிடிச்சவன்னு நெனச்சுடுவாங்க,” என்றார். கேட்பது அவமரியாதை என்று பயந்து, அதைவிடப் பெரிய அவமரியாதையில் போய் முடிந்திருக்கிறார். மறுமுனையில் ஒருவர் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்திருப்பார்.

நேர்காணல் நேரத்தை மாற்றித் தரும்படி கேட்பது தவறல்ல என்பதே என் கருத்து. தாமதமாகக் கேட்பதும் பொய் சொல்லிக் கேட்பதும்தான் தவறு.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே பதில் இருந்தது. என் தாத்தா 1960களில் துறைமுகத்தில் நாள்கூலிக்கு வேலை பார்த்தவர். காலையில் ஆள் எடுக்கும்போது அங்கே நிற்காவிட்டால் அன்றைய கூலி அடுத்தவருக்கு. “நாளைக்கு வரட்டுமா” என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அந்தப் பாடம் அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. “அவங்க பெரியவங்க, நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்காங்க. நீ போய் மாத்தச் சொல்லுவியா?” என்று அம்மா கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் அது முற்றிலும் சரியான கேள்வி.

ஆனால், இன்று நேர்காணல் நடத்துபவர்களின் நடைமுறை வேறு. நிறுவனங்களே நேரத்தை மாற்றுகின்றன. கடந்த ஆண்டு மட்டும் எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது. ஒருமுறை, தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது. “மேலாளருக்கு அவசரக் கூட்டம், வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா?” என்று ஒரு வரி. அதற்காக அவர்களை யாரும் பண்பற்றவர்கள் என்று சொல்வதில்லை. அவர்களுக்குக் கூட்டம் இருக்கலாம் என்றால் நமக்குத் தேர்வு இருக்கலாம்.

எனக்கும் கேட்க வேண்டிய நிலை வந்தது. 2025ல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. அன்று காலை 10 மணிக்கு ஒரு நிறுவனம் நேர்காணல் வைத்தது. சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறை அல்ல. கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போனால் அன்று விடுமுறை, இங்கு வேலை நாள். ஆகவே, அழைப்பை அனுப்பிய அதிகாரிக்கு அந்த நாள் நாட்காட்டியில் வெறும் செவ்வாய்க்கிழமை. எனக்கோ சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் ஏந்தி நடக்கும் நாள். அவருக்குத் தெரியாததை நான் சொல்லாமல் எப்படித் தெரியும்?

அழைப்பு வந்த அன்றே பதில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

“பிப்ரவரி 11 காலை 10 மணிக்கு நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. அன்று தைப்பூசத் திருநாள். கோயிலில் சமயக் கடமை இருப்பதால் என்னால் கலந்துகொள்ள இயலாது. 12ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்குப் பிறகும் 13ஆம் தேதி முழுவதும் எனக்கு வசதிப்படும். இவை பொருந்தாவிட்டால் உங்களுக்கு ஏற்ற வேறு நேரத்தைத் தெரிவியுங்கள். இந்தப் பயிற்சியில் சேர மிகவும் ஆர்வமாக உள்ளேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்.”

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. வியாழன் பிற்பகல் 3 மணி. அவ்வளவுதான். அம்மா அந்தப் பதிலை இரண்டு முறை படித்தார்.

நேர்காணல் நடத்துபவரின் நாட்காட்டியில் இருவர் அல்லது மூவருடைய நேரத்தைப் பொருத்தியாக வேண்டும். நாம் மாற்று நேரங்களைக் கொடுத்துவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. “எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்” என்பது பணிவாகத் தோன்றும். உண்மையில் தேதி கண்டுபிடிக்கும் வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதும். இங்கேதான் நம் இருமொழிப் படிப்பு கொஞ்சம் காலை வாருகிறது. தமிழ்த் தேர்வில் மின்னஞ்சல் எழுதும்போது சொற்களின் எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பாட்டியின் உடல்நிலை, அத்தையின் வருகை என்று கதையை நீட்டுவோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவருக்கு நாம் எதையோ மறைப்பதுபோல் இருக்கும். நான்கு முறை மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தான். இதற்கு எதிர்த்துருவமும் உண்டு: “ஹாய், கேன் சேஞ்ச் டேட் ஆர் நாட்?” நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில் அது அழகு, முன்பின் அறியாத அதிகாரிக்கு அல்ல.

பொய் வேண்டவே வேண்டாம். உடம்பு சரியில்லை என்று எழுதினால் மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படலாம். அதே நேரத்தில் வேறு நிறுவனத்தின் நேர்காணல் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. “முன்பே ஒப்புக்கொண்ட ஒரு பணி உள்ளது” என்பது உண்மை, போதுமானதும்கூட. தயார் செய்ய நேரம் போதவில்லை என்பதற்காக மாற்றக் கேட்பது மட்டும் எனக்கு ஏற்புடையதல்ல. அதற்கு ஓர் இரவு கண்விழிப்பதே நியாயம்.

அன்று காலையிலேயே காய்ச்சல் வந்தால், அல்லது வீட்டில் ஒரு துயரம் நேர்ந்தால், மின்னஞ்சலை மட்டும் நம்பக்கூடாது. தொலைபேசியில் அழையுங்கள், பிறகு எழுத்திலும் அனுப்புங்கள். கூட்டத்தில் இருப்பவர் மின்னஞ்சலைப் பார்க்காமல் போகலாம். நம் தலைமுறைக்குத் தொலைபேசியில் பேசுவதே பெரிய சோதனை என்பது எனக்கும் தெரியும். நானும் பேச வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் அழைப்பேன்.

எல்லா நேரமும் சம்மதம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். உபகாரச் சம்பள நேர்காணல்களிலும் பலரை ஒன்றாக வைத்து நடத்தும் தேர்வுகளிலும் குழுவினர் அனைவரையும் இன்னொரு நாள் கூட்டுவது கடினம். ஒரே இடத்துக்குப் பலர் போட்டியிடும்போது, மாற்றக் கேட்டவரை ஓசையின்றி ஒதுக்கிவிடும் நிறுவனமும் இருக்கலாம். “அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்து என்ன பயன்?” என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். வீட்டில் பணம் தேவைப்படும் மாணவரால் அப்படிச் சொல்ல முடியாது. அதனால், ‘முடியாது’ என்ற பதில் வந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்பதை, கேட்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தேர்வை விட முடியாது. குழுப் படைப்பு என்றால் விரிவுரையாளரிடம் பேசிப் பார்க்கலாம், அவர்களில் பலர் நாம் நினைப்பதைவிட இறங்கி வருவார்கள். தாத்தாவின் காரியத்தை என்ன செய்வது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய முடியும். அந்த நண்பருக்கு வேலை கிடைத்தது. ஆனாலும், கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று இன்றும் சொல்வார்.

நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். அழைப்பு மின்னஞ்சலின் கீழே, “இந்த நேரம் பொருந்தாவிட்டால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதன்முதலாக நேர்காணலுக்கு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, கேட்கலாம் என்ற அனுமதியே அந்த வரியில்தான் கிடைக்கும்.

புதிய நேரம் கிடைத்ததும் ஒரு வரியில் உறுதி செய்துவிடுங்கள். இரண்டாவது முறை மாற்றக் கேட்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணல் தொடங்கும்போது, “நேரத்தை மாற்றிக் கொடுத்ததற்கு நன்றி” என்று ஒருமுறை சொன்னால் போதும், மீண்டும் மன்னிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முக்கியமாக, திறன்பேசி நாட்காட்டியிலிருந்து பழைய தேதியை அழித்துவிடுங்கள். மிகவும் அழகாகக் கடிதம் எழுதி நாளை மாற்றிய என் வகுப்புத் தோழி ஒருத்தி, பழைய நாளிலேயே ராஃபிள்ஸ் பிளேஸ் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.