குரங்கம்மை: மறைக்கவும் வேண்டாம், மறைக்க வைக்கவும் வேண்டாம்

குரங்கம்மை நோய் தொடர்பில் 2024 ஆகஸ்ட் 14ஆம் திகதி பிரகடனப்படுத்திய சர்வதேச பொதுச் சுகாதார அவசரநிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2025 செப்டெம்பர் 5ஆம் திகதி விலக்கிக்கொண்டது. அத்துடன் நமது நாட்டில் இந்நோய் பற்றிய பேச்சும் அடங்கிப் போயிற்று. ஆனால், அவசரநிலை நீங்குவது வேறு. நோய் நீங்குவது வேறு. அவசரநிலை விலக்கப்பட்டதற்கு அடுத்த மாதமே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வெளிநாடு எதற்கும் சென்றிராத மூவருக்கு இந்நோயின் புதிய வகை தொற்றியிருந்தமை கண்டறியப்பட்டது. கொங்கோவின் கிழக்குப் பகுதியில் 2023இல் தலைதூக்கிய வகை அது.

கொங்கோ எங்கே, மாத்தளை எங்கே என்று கேட்கத் தோன்றலாம். இலங்கைக்கு இந்நோய் ஆபிரிக்காவிலிருந்து நேரே வந்து சேரவில்லை. 2022 நவம்பரில் இங்கு முதன்முதலாக இனங்காணப்பட்ட நோயாளி டுபாயிலிருந்து நாடு திரும்பிய ஓர் இளைஞர். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையில் நோய் உறுதிசெய்யப்பட்டது. அதே மாதத்தில் கண்டறியப்பட்ட இரண்டாவது நோயாளியும் டுபாயிலிருந்து வந்தவரே. அயல் மாநிலமான கேரளத்தின் அனுபவமும் இதுதான். 2022 ஜூலையில் இந்தியாவின் முதல் நோயாளி கொல்லத்தில் இனங்காணப்பட்டதும், 2024 செப்டெம்பரில் புதிய வகை மலப்புரத்தில் கண்டறியப்பட்டதும் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து திரும்பியவர்களிடமே. மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, கலேவெல பகுதிகளின் குடும்பங்கள் பலவற்றுக்கு அதே வளைகுடாவிலிருந்துதான் மாதாந்தம் பணம் வருகிறது. தோட்டத்திலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயும், கிராமத்திலிருந்து சாரதியாகச் சென்ற மகனும் கட்டுநாயக்கவில் இறங்கி, அன்று மாலையே வீடு வந்து சேர்கின்றனர். ஆகவே இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

அதற்காக அஞ்சி ஒடுங்கவும் வேண்டியதில்லை. கொரோனாவைப் போல ஒரே பேருந்தில் பயணித்த மாத்திரத்தில் பரவும் நோயல்ல இது. கொப்புளங்களுடன் தோல் உரசும் நெருக்கம், தாம்பத்திய உறவு, முத்தம், நோயாளி பயன்படுத்திய படுக்கை விரிப்பு, துவாய், உடை ஆகியவையே பிரதான வழிகள். தொற்று ஏற்பட்டு 3 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறிகள் தென்படும். காய்ச்சல், தலைவலி, முதுகுவலி ஆகியவற்றுடன் கழுத்திலோ அக்குளிலோ அரையிலோ நெறி கட்டும். பின்னர் கொப்புளங்கள் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை தோன்றுவதுண்டு. பெரும்பாலானோர் இரண்டு முதல் நான்கு வாரங்களில் குணமடைந்து விடுகின்றனர். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தி குன்றியோர் விடயத்திலேயே ஆபத்து அதிகம். பெரியம்மை ஒழிக்கப்பட்டுவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்ட பின்னர் பிறந்தோருக்கு அம்மைப்பால் குத்திய வடு கையில் இல்லை. அந்த வடுவுடைய மூத்தோருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவும் இல்லை.

கொப்புளிப்பானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கண்ணால் உறுதிசெய்வது வைத்தியர்களுக்கே சில வேளைகளில் கடினம். கொப்புளத்திலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எனவே வெளிநாடு சென்று திரும்பியவர்கள் 21 நாட்கள் தமது உடலைத் தாமே அவதானிப்பது போதுமானது. அறிகுறி எதுவும் இல்லாதவர் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. காய்ச்சலோ கொப்புளமோ கண்டால் அவற்றை மூடிக்கொண்டு, தனி அறையில் அல்லது தனிப் பாயில் படுத்து, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து, எப்போது வந்தோம் என்பதை முதல் வைத்தியரிடமே கூறிவிட வேண்டும். உம்ரா முடித்து வந்தவரை ஆரத்தழுவி வரவேற்பது நமது பண்பாடு. வந்தவரின் உடலில் கொப்புளம் இருக்குமானால் ஸலாத்துடன் நிறுத்திக்கொள்வதில் குறைவேதும் இல்லை.

2022 ஜூலை இறுதியில் கேரளத்தின் திருச்சூரில் 22 வயது இளைஞர் ஒருவர் இந்நோயால் உயிரிழந்தார். வளைகுடாவிலேயே பரிசோதனையில் அவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அந்த முடிவு கேரள வைத்தியர்களின் கைக்குக் கிடைத்ததோ அவரது கடைசித் தருணத்திலேதான். அந்த இளைஞரைப் பழிப்பது எளிது. ஆனால், ஒருவர் தமது நோயை ஏன் மறைக்க நேர்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. நமது கவலையும் அதுவே.

மாத்தளை நகரின் அடையாளமாக விளங்குவது ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயம். மாசி மகத்தன்று பஞ்சரதங்கள் வீதியுலா வரும்போது மாவட்டமே திரண்டு நிற்கும். அம்மைக் கொப்புளங்களை ‘முத்து’ என்றழைத்த மக்கள், அந்த முத்துக்களுக்கு உரியவளாக மாரியைக் கண்டனர். வீட்டில் அம்மாள் கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும். அந்நியர் உள்ளே வருவதில்லை. வீட்டார் பிறர் வீடு செல்வதில்லை. நோயாளிக்குப் பாயும் பாத்திரமும் தனி. நவீன வைத்தியம் கூறும் தனிமைப்படுத்தலிலிருந்து இது அதிகம் வேறுபட்டதன்று. மேலும் ஒன்று: அங்கே நோயாளி வெறுக்கப்பட்டவரல்லர், தெய்வம் வந்து தங்கியவர். இந்த மரியாதையை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் ‘அம்மாள் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது’ என்ற தடையும், நாள் கணக்குப் பார்த்துத் தண்ணீர் வார்த்தவுடன் நோய் இறங்கிவிட்டதாகக் கருதுவதும் குரங்கம்மைக்குப் பொருந்தா. பொருக்குகள் யாவும் உதிர்ந்து புதுத்தோல் காணும் வரை தொற்று நீடிக்கும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். வைத்தியரும் அந்த வாசலால் உள்ளே வரட்டும். இதனை ஆலய அர்ச்சகர்கள் எடுத்துரைத்தால் துண்டுப்பிரசுரங்கள் ஆயிரத்தை விடவும் பயன் விளையும்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்வதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களது வழிகாட்டலை அறியாத முஸ்லிம் எவரும் இல்லை. அதனை நினைவூட்ட ஜும்ஆ மிம்பர்கள் உள்ளன. ஆனால், முஸ்லிம்களிடம் வழிகாட்டலுக்குப் பஞ்சமில்லை. சுகாதாரத் துறை மீதான நம்பிக்கைக்கே பஞ்சம். அதற்குக் காரணமும் உண்டு. கொரோனாவால் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் கதறக் கதறச் சிசுக்களின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது. அதன் பின்னரும் ஜனாஸாக்கள் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் ஓட்டமாவடிக்கே கொண்டுசெல்லப்பட வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால், நோயை அறிவித்தால் நமது உடல் நமக்குரியதாக இராது என்ற அச்சம் ஒரு தீர்மானத்தால் அகன்றுவிடும் என எதிர்பார்ப்பது பேதைமை. அன்று வைத்தியசாலைக்குச் செல்லவே தயங்கியவர்கள் இருந்தனர். கொப்புளத்துடன் வரும் முஸ்லிம் இளைஞரின் பெயரோ ஊரோ புகைப்படமோ ஊடகங்களில் வெளியாகுமானால் அந்தத் தயக்கம் மீண்டும் உயிர்பெறும். இதில் ஊடகங்களாகிய நமக்கும் பொறுப்புண்டு.

தோட்ட மக்களின் நிலையும் வேறு வகையில் இதையொத்ததே. மன்னாரில் இறங்கி, மடவாச்சி, தம்புள்ளை வழியே மாத்தளை வரை நடத்தி அழைத்துவரப்பட்ட அவர்களது மூதாதையர் பலர் வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் பலியாகி அப்பாதையோரம் புதைந்தனர். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்ற நடைபவனி நினைவுகூர்ந்தது அவர்களையே. நோய்க்கு இரையானவர்களையே நோயைச் சுமந்து வருவோராகக் கண்டது அன்றைய ஆட்சி. தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் 1897இல் பிறந்தது. இன்றும் நடைமுறையில் உள்ளது. இன்று அதே மக்களிடம் நான்கு வாரம் தனி அறையில் இருங்கள் என்கிறோம். ஒரே லயன் காம்பராவில் மூன்று தலைமுறைகள் வாழுமிடத்தில் தனி அறை எது? நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த நான்கு வாரங்களின் உலை எப்படிக் கொதிக்கும்? இக்கேள்விகளுக்கு விடை கூறாத அறிவுறுத்தல் எத்தனை சரியானதாயினும் பாதி அறிவுறுத்தலே.

மாவட்டத்துக்கு வருவோரையும் மறந்துவிடலாகாது. சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் செல்லும் உல்லாசப் பயணிகள் வழியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில் இறங்குகின்றனர். அங்கு மூலிகைத் தைலம் பூசி உடம்பு பிடித்துவிடும் இளைஞர்களுக்கும், ஹோட்டல்களில் படுக்கை விரிப்புகளைத் துவைப்போருக்கும் ஓரிரு எளிய விதிகள் போதும். தோலில் கொப்புளம் உள்ளவருக்குத் தைலம் பூசலாகாது. விரிப்புகளை உதறாமல் சுருட்டி எடுத்துச் சவர்க்கார நீரில் துவைக்க வேண்டும். பின்னர் கைகளைக் கழுவ வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பது முதலாளிமாரின் கடமை.

2022இல் இந்நோய் உலகெங்கும் பரவியபோது பெரும்பாலும் ஆண்களுக்கிடையிலான பாலுறவு வழியே பரவியது உண்மை. அதைக்கொண்டு ‘ஒழுக்கக்கேட்டு நோய்’ என முத்திரை குத்தியோரும் உளர். மனிதரில் முதன்முதலாக 1970இல் கொங்கோவில் இது கண்டறியப்பட்டது ஒன்பது மாதக் குழந்தையிடம். கிழக்குக் கொங்கோவின் புதிய வகையும் ஆண், பெண், குழந்தை என்று எவரையும் விட்டுவைக்கவில்லை. குரங்கின் பெயரே இழுக்காகிறது என்பதால் உலக சுகாதார ஸ்தாபனம் 2022 நவம்பரில் ‘எம்பொக்ஸ்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் வாய்கள் மாறவில்லை. வெளிநாடு சென்று திரும்பிய பெண்ணின் உடலில் ஒரு கொப்புளம் கண்டால் ஊர் என்ன பேசும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. அவள் வாய்திறக்காமல் இருப்பதற்கு அந்த ஊர்ப்பேச்சு ஒன்றே போதும்.

ஆகவே, மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் மாத்தளை மாவட்ட சுகாதார அதிகாரிகளிடமும் நாம் கோருவது சிலவே. அறிவுறுத்தல்கள் சிங்களத்திலிருந்து அரைகுறையாகப் பெயர்க்கப்படாமல், மக்கள் பேசும் தமிழில் எழுதப்பட வேண்டும். தோட்ட மருந்தகங்களிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளிலும் அவை இப்போதே, நோயாளி எவரும் இல்லாத வேளையிலேயே ஒட்டப்பட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வரும்போது பொலிஸாரை உடன் அழைத்து வரலாகாது. தமிழறிந்த குடும்பநல மாது ஒருவரை அழைத்து வரலாம். தனிமைப்படுத்தப்படுவோரின் குடும்பத்துக்கு உலருணவும், இழக்கும் சம்பளத்துக்கு ஈடும் யார் பொறுப்பு என்பதைத் தோட்டக் கம்பனிகளும் பிரதேச செயலகங்களும் முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வேண்டும். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையிலும் இந்நோய்க்கெனத் தமிழில் பதிலளிக்கும் தொலைபேசி இலக்கம் ஒன்று இருந்தால், வாசலில் வேப்பிலை செருகிய தாயொருத்தி இரவோடிரவாக யாரும் அறியாமல் அழைத்துக் கேட்கக்கூடும்.