துப்பாக்கியோடு வெலிசறை வரை

தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளையெல்லாம் ரவைகளோடு 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசறைக் கடற்படை வளாகத்திலுள்ள களஞ்சியத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும் என்ற பாதுகாப்பு அமைச்சின் உத்தரவையும், அந்தத் தவணை பின்னர் நீட்டப்பட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். யாருக்குத் துப்பாக்கி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று மீளாய்வு செய்ய அரசுக்கு உரிமை உண்டு. செய்யவும் வேண்டும். செல்வாக்கைக் காட்டுவதற்காக இடுப்பில் துப்பாக்கி செருகித் திரிந்தவர்களை இந்த நாடு போதுமான அளவு பார்த்துவிட்டது. அவர்களுக்காக நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. எமது பிணக்கு, ஒப்படைக்கச் சொன்ன இடத்தோடும் அங்கே கொண்டுவரச் சொன்ன விதத்தோடும்தான்.

வெலிசறை கொழும்பு–நீர்கொழும்பு வீதியில் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது 350 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். மட்டக்களப்பில் இருப்பவர் நாட்டையே குறுக்காகக் கடக்க வேண்டும். நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்த வேளையில், அனுமதி பெற்ற துப்பாக்கிகள் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் தனியார் வாகனங்களில் ஏறி ஒரே இடத்தை நோக்கிப் புறப்பட வேண்டும் என்று ஒரு மேசையில் முடிவாகியிருக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, துப்பாக்கிகளைப் பூட்டிய அலுமாரிகளிலிருந்து கிளப்பி வீதியில் விட்டது.

வாகனத்தில் துப்பாக்கி கொண்டு செல்வது விளையாட்டு அல்ல. ரவையைக் கழற்றி, அறை காலியாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் ரவைகளை வேறொரு பெட்டியிலும் வைத்து, இரண்டையும் வெளியே தெரியாதபடி வாகனத்தின் பின்பகுதியில் பூட்டி, வாகனத்தை ஆளில்லாமல் விடாது நேரே போய்ச் சேர வேண்டும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் துப்பாக்கி வைத்திருப்போருக்கு இவை பாலபாடம். எங்கள் நாட்டில் எங்கே, எந்தத் திகதிக்குள் என்பது உரத்துச் சொல்லப்பட்டது. எப்படி என்பது அந்த அளவுக்கு எவர் காதிலும் விழவில்லை.

யாழ்ப்பாணத்து வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது எழுபதை நெருங்குகிறது. சுழல்துப்பாக்கியைத் துணியில் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்து, ரவைப் பெட்டியை மகனின் பையில் போட்டு, அனுமதிப்பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படுகிறார். புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்தினால் சூட்கேசை வாகனத்தில் விட்டுவிட்டு இறங்க முடியாது. தேநீர்க் கடைக்குள் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. மலசலகூடத்துக்குப் போவதற்குக்கூட மகன் காவல் இருக்க வேண்டும். களவு போனால் சட்டத்தின் முன் நிற்கப் போகிறவர் அவர். இவ்வளவையும் அவர் தனக்குத் தெரிந்த அளவில், தன் பொறுப்பில், தன் செலவில் செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழருக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. 1979ஆம் ஆண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வீட்டுக்கு ஒருவர் உள்ளே போய் வந்த ஊர்கள் எங்களுடையவை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதிகளை அவிழ்த்து வைத்துவிட்டு வெயிலில் வரிசையில் நின்றதைச் சனம் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரவர் ஒருவர் துப்பாக்கியும் ரவையுமாக ஏ-9 வீதியில் போகிறார். இரவு வேளை வீதித்தடையில் மறிக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது; இவருக்குச் சிங்களம் அரைகுறை. டோர்ச் வெளிச்சத்தில் அனுமதிப்பத்திரத்தை வாசித்து முடிக்கும் வரை வாகனத்தில் இருக்கும் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அமைச்சின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே வருகிறேன் என்பதை அந்த இடத்தில் அவர் எப்படி விளங்கப்படுத்துவது? வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவருக்கு வழியில் என்ன நேரும் என்று முடிவெடுத்தவர்களில் ஒருவராவது கேட்டிருந்தால் இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்திருக்காது.

ஊருக்கு ஒரு பொலிஸ் நிலையம் இருக்கிறது. அங்கே ஆயுதம் வைக்கும் அறை இருக்கிறது. இரவு பகலாகக் காவலும் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துப்பாக்கிகளின் அனுமதி அலுவல்கள் மாவட்டச் செயலகங்கள் ஊடாகவே நடக்கின்றன. யானையோடும் பன்றியோடும் மல்லுக்கட்டும் வன்னி விவசாயியின் துப்பாக்கி விவரம் மாவட்டத்திலேயே பதிவில் கிடக்கிறது. அந்தப் பதிவேடும் பூட்டும் காவலும் இருக்கத்தக்கதாக, பொதுமகனை ஆயுதம் சுமந்து கொழும்பு வாசல் வரை வரச் சொன்னதற்கு என்ன நியாயம்? அவரிடம் வாங்கிய துப்பாக்கிகளைப் படையினரின் காவலோடு அரசே ஏற்றிச் சென்றிருக்கலாம். வாகனமும் ஆளும் அரசிடம் இல்லையா?

அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும் துப்பாக்கியின் இலக்கமும் அமைச்சின் கையில் உள்ளன. அவர் ஓடி ஒளிய முடியாது. அவரிடம் காட்டிய கண்டிப்பு, அரசின் சொந்த ஆயுதங்கள் விடயத்தில் எங்கே போனது? ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக 2025இன் முற்பகுதியில் நாடாளுமன்றத்தில் சொன்னவர் ஜனாதிபதி. அவற்றில் 38 மீட்கப்பட்டனவாம். அப்போது மிச்சம் 35. அவை முகாமைவிட்டு எந்த வாகனத்தில் ஏறின, எத்தனை வீதித்தடைகளைத் தாண்டின, எவர் கையசைத்து விட்டார்? வணிகரின் சூட்கேசைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அன்று எங்கே நின்றது?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள், நீதவானின் முன்னிலையில் பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகத்தின் பக்கங்களைக் குடைந்து, அதற்குள் துப்பாக்கியை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தவர். அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தலைவர் லசந்த விக்கிரமசேகர தனது அலுவலக அறையிலேயே சுடப்பட்டு இறந்தார். பொலிஸ் பாதுகாப்புக் கேட்டு எழுதியிருந்தவர் அவர். இந்தக் கொலைகளைச் செய்தவர்கள் வெலிசறைக்கு வந்து பற்றுச்சீட்டு வாங்கும் ரகத்தினர் அல்லர்.

கொழும்பிலிருந்து தவணை குறித்து ஆயுதம் கேட்கும் பழக்கம் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1987 ஜூலை 29 இலங்கை–இந்திய ஒப்பந்தம் தமிழ் இயக்கங்களின் ஆயுதக் கையளிப்புக்கு விதித்த கெடு 72 மணி நேரம். பலாலியில் கையளிப்பு வைபவமும் நடந்தது. ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மறுபடி போர்க்களமானது. போர் முடிந்த பின்னர், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையில் சட்டவிரோத ஆயுதக் குழுக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைய வேண்டும் என்று எழுதியது. அந்தப் பரிந்துரைக்கு இப்படி ஒரு தவணை எவரும் குறிக்கவில்லை. ஆயுதத்தோடு அலைந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. பூட்டி வைத்திருந்தவருக்கு நாட்கணக்கில் கெடு கிடைத்தது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 2024 மே 17 அதிகாலை நடந்ததையும் வெலிசறை உத்தரவை இட்டவர்கள் படித்திருக்க வேண்டும். உலு திராம் பொலிஸ் நிலையத்துக்குள் புகுந்த இளைஞன் ஒரு பொலிஸ்காரரை வெட்டி வீழ்த்தி, அவரது துப்பாக்கியையே பறித்து இன்னொருவரைச் சுட்டான். இருவரும் இறந்தார்கள், மூன்றாமவர் காயமடைந்தார். பயிற்சி பெற்ற உத்தியோகத்தரின் இடுப்பிலிருந்தே, அதுவும் பொலிஸ் நிலையத்துக்குள் வைத்தே, துப்பாக்கி பறிபோகுமென்றால், எழுபது வயது மனிதர் நெடுஞ்சாலையில் காவலின்றிக் கொண்டு போகும் துப்பாக்கிக்கு எவர் உத்தரவாதம்? தெருவோரம் மறித்துப் பறிக்க ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு பேரும் போதும். அப்படிப் பறிபோயிருந்தால் அமைச்சு யார் மீது வழக்குப் போட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மீளாய்வு நடக்கட்டும். அதற்கான அளவுகோல் என்னவென்று தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் வாசிக்கும்படி வைக்கட்டும். தூரத்து மாவட்டங்களுக்குக் கிட்டிய ஓர் ஒழுங்கைச் செய்யட்டும். அது பொலிஸ் ஊடாகவா, செயலகம் ஊடாகவா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். எதுவாக இருந்தாலும் அன்று நடந்ததைவிட மேலாகவே இருக்கும். அதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் தர வேண்டும்: மீளாய்வில் தகுதியுள்ளவர் என்று தேறுபவருக்குத் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும்போது, அதையும் ரவைகளையும் அதே 350 கிலோமீற்றர் வீதியில், அதே வீதித்தடைகளைத் தாண்டி அவரேதான் ஏற்றிச் செல்ல வேண்டுமா?