இல்லமும் நலமும்: சாம்பற் குளமும் கிணற்று நீரும்

நம் இல்லத்தில் விளக்கு எரிவதற்கு எங்கோ ஓரிடத்தில் நிலக்கரி எரிகின்றது. ஒளி நம்மிடம் வருகின்றது. சாம்பல் அங்கேயே தங்கிவிடுகின்றது. அச்சாம்பலின் கதியை, அனல்மின் நிலையங்களின் அருகே குடியேறியுள்ள நம் குடும்பங்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பலே. பல நிலையங்களில் அதனை நீரோடு குழம்பாகக் கலந்து, குழாய் வழியே பெருங்குளங்களில் தேக்குகின்றனர். குளத்தின் அடியில் நீர் புகாத் தளம் இல்லையேல், அந்நீர் மெல்ல மண்ணுள் இறங்கும். ஆர்சனிக் எனும் பாஷாணம், போரான், செலினியம் முதலியவற்றையும் கரைத்துச் செல்லும். அவை நிலத்தடி நீரை அடையப் பல்லாண்டுகள் ஆகலாம். அடைந்தபின் அகற்றுதலோ மிக அரிது.

மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலி வட்டாரத்தை அன்பர்கள் பலர் அறிவர். அங்கே 2020 ஏப்ரல் 10-ஆம் நாள், சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பற் குளக்கரை உடைந்து அறுவர் மாண்டனர். கரை உடைதல் ஊரறிய நிகழ்வது. கசிவோ ஓசையின்றி நிகழ்வது.

ஆர்சனிக் கலந்த நீருக்குத் தனி நிறமோ, சுவையோ, மணமோ இல்லை. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், பாஷாணம் போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்று மிகவும் கூடும். நெடுங்காலம் பருகினால் தோல் நோயும் புற்றுநோயும் நேரலாம். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே இந்தியத் தரநிர்ணயம் வகுத்த எல்லை. சோதனையன்றி இதனை அறிய வேறு வழியில்லை.

சாம்பலைச் செங்கல், சிமெண்டு, சாலைப் பணிகளுக்குப் பயன்படுத்த வேண்டுமென 1999-இல் மத்திய அரசு ஆணையிட்டது. முழுவதையும் பயன்படுத்த வேண்டுமென 2021 டிசம்பர் 31-இல் மீண்டும் ஆணை பிறந்தது. நல்லதே, ஆயினும் முன்னரே குவிந்த சாம்பல் ஆணையினால் மட்டும் மறைந்துவிடாது.

நிலையக் குடியிருப்பில் வாழ்வோர்க்குச் சுத்திகரித்த குழாய்நீர் கிடைக்கின்றது. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பெண்ணும், பால் கொணர்பவரும் தத்தம் கிராமத்து அடிகுழாய் நீரையன்றோ பருகுகின்றனர்? ஆதலின், கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும், நம் கிணற்று நீரோடு அவர்தம் குழாய் நீரையும் சோதனைக்கு அனுப்புவோமாக. ஆர்சனிக், போரான், ஃப்ளோரைடு ஆகியவற்றைச் சோதிக்குமாறு பெயர் குறித்துக் கேட்டல் நலம். முடிவு தீதாயின், சங்கத்தார் ஒன்றுகூடி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்தல் வேண்டும்.

வாழ வந்த ஊரின் நீர் நமக்கும் உரியது; அதனைக் காக்கும் கடனும் நமக்கு உண்டு.