காசு குடுத்தா காத்து கேக்குமா?

ஒரு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுதறது பயணக்கட்டுரை மாதிரி ஆரம்பிக்கும், ஆனா பயணக்கட்டுரை இல்ல. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். முதல் அடி எனக்கே விழப்போவுது, அதனால யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

விஷயத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். வெப்பக்காற்று பலூன்ல ஏற காசு கட்டிட்டு, விடியக்காலையில பைலட் "இன்னிக்கு பறக்க முடியாது"ன்னு சொன்னதும் அவர்கிட்ட மல்லுக்கு நிக்குது பாருங்க ஒரு கூட்டம், பலூன் பயணத்துல பெரிய ஆபத்தே அந்தக் கூட்டம்தான். நெருப்பு, கரண்ட் கம்பி எல்லாம் அப்புறம். அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன். அதனாலதான் சொல்றேன்.

போன செப்டம்பர்ல மயோர்க்கா போயிருந்தோம். மத்தியதரைக் கடல்ல, ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு. ஜெர்மனிக்காரங்க இதை "எங்க பதினேழாவது மாநிலம்"னு கிண்டலா சொல்லுவாங்க (இருக்கறது பதினாறு). அவ்ளோ பேர் போறாங்க. பொட்டி தட்டறது ஜெர்மனியில, அதனால ஊரோட ஒத்து வாழ்னு நாங்களும் கிளம்பிட்டோம். தங்கமணி, பதினோரு வயசு வாரிசு, நான். கிழக்குக் கடற்கரையில ஹோட்டல். வரவேற்புல ஒரு அட்டை: சூரிய உதயத்துல பலூன், ஒரு மணி நேரம், இறங்கினதும் ஷாம்பெயின். மூணு பேருக்கு ஐநூறு யூரோவுக்கு மேல. தங்கமணி முறைச்சாங்க. "வாழ்க்கையில ஒரு தடவைதானே"ன்னு ஒரு டயலாக் விட்டு சம்மதம் வாங்கினேன்.

முதல் நாள் காலை நாலரைக்கு எந்திரிச்சோம். அஞ்சேகாலுக்கே போன்: காத்து சரியில்ல, நாளைக்குப் பாக்கலாம். சரி, போகுது.

ரெண்டாம் நாள் மனாக்கோர் பக்கம் ஒரு வயல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. டென்னிஸ் நடால் ஊர். இன்னும் இருட்டு. கூடை, பர்னர், சுருட்டி வெச்ச பலூன் எல்லாம் வண்டியில தயாரா இருக்கு. பன்னெண்டு பேர் நிக்கறோம், இடம் ஃபுல். பைலட் ஒரு குட்டிக் கறுப்பு பலூன்ல ஹீலியம் அடைச்சு மேல விட்டார். டார்ச் அடிச்சு அது போற வழியையே பாத்துட்டு இருந்தார். திரும்பி வந்து சொன்னார்: "மன்னிக்கணும், இன்னிக்கும் இல்ல."

அப்ப ஆரம்பிச்சுது பாருங்க கச்சேரி. ஒருத்தர் "நாளைக்கு எனக்கு ஃபிளைட், இன்னிக்கே பறந்தாகணும்"னார். இன்னொரு அம்மா, பொறந்த நாள் பரிசாம், அழவே ஆரம்பிச்சிட்டாங்க. நம்மாளு சும்மா இருப்பாரா? மரத்தைக் காட்டி, "ஒரு இலை கூட ஆடல, இதுக்குப் போய் கேன்சலா?"ன்னு என் உடைஞ்ச ஜெர்மன்ல கேட்டேன். ரெண்டு மூணு பேர் எனக்கு ஆதரவா தலையாட்டினாங்க. ஏதோ கட்சித் தலைவர் ஆன மாதிரி இருந்துச்சு. பைலட் பதிலே சொல்லல. விரலை மட்டும் கிழக்கே நீட்டினார். எனக்குப் புரியல, புரிஞ்சுக்கவும் தோணல.

ஹோட்டலுக்கு வந்து முதல் வேலையா அந்தக் கம்பெனிக்கு ஒத்தை நட்சத்திரம் குத்தினேன். "வாடிக்கையாளரை மதிக்கத் தெரியாதவர்கள்"னு நாலு வரி வேற. காபி குடிச்சிட்டே தங்கமணி கேட்டாங்க: "அந்தக் குட்டி பலூன் கொஞ்ச தூரம் நேரா மேல போய்ட்டு, அப்புறம் சர்ருன்னு கடல் பக்கம் போச்சே, பாத்தீங்களா? எங்க பாத்திருக்கப் போறீங்க. பைலட் மூஞ்சியைத்தானே முறைச்சுட்டு இருந்தீங்க."

அவ்ளோதான். கண்ணைக் கட்டிருச்சு.

கணக்கு ரொம்ப சுலபம் மக்கா. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. பைலட் கையில இருக்கறது ரெண்டே வேலை. பர்னரைத் திறந்தா மேல ஏறும். உச்சியில இருக்கற திறப்பை இழுத்து சூடான காத்தை வெளிய விட்டா கீழ இறங்கும். பக்கவாட்டுல எங்க போறதுங்கறது முழுக்க காத்தோட இஷ்டம். ஒவ்வொரு உயரத்துலயும் காத்து வேற வேற திசையில அடிக்கும், அதுல தோதான அடுக்கைத் தேடிப் பிடிக்கறதுதான் பைலட்டோட திறமை. கீழ இலை ஆடலைன்னா மேல காத்தே இல்லைன்னு அர்த்தம் இல்ல. அந்தக் குட்டி பலூன் காட்டினது அதைத்தான்.

மனாக்கோர்லேர்ந்து கிழக்குக் கடல் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். மேல காத்து மேற்கேயிருந்து மணிக்கு இருபது கிலோமீட்டர்ல அடிச்சா, அரை மணி சொச்சத்துல காலடியில தண்ணி. டிக்கெட் போட்டதோ ஒரு மணி நேரத்துக்கு. பெரிய நிலப்பரப்புல தப்பான பக்கம் போனா யாரோ ஒருத்தர் வயல்ல இறங்கலாம். தீவுல தப்பான பக்கம் போனா இறங்க வயல் இல்ல.

"சரி, காலையில வேணாம், காத்து மாறினதும் பத்து மணிக்குப் பறக்கலாமே?"ன்னு அங்க ஒருத்தர் கேட்டார். அதுக்கும் பதில் இருக்கு. வெயில் ஏற ஏற நிலம் சூடாகும், கடல் அவ்ளோ சீக்கிரம் சூடாகாது. கடல்லேர்ந்து காத்து உள்ள வரும். மயோர்க்காக்காரங்க இதுக்கு எம்பாத்னு தனிப் பேரே வெச்சிருக்காங்க. கோடையில கிட்டத்தட்ட தினமும் வர்ற விருந்தாளி. அதோட சூடான நிலத்துலேர்ந்து காத்து குமிழ் குமிழா மேல கிளம்பும், பலூனைத் தூக்கித் தூக்கிப் போடும். இன்னொண்ணு, வெளிய சூடு ஏறினா பலூனோட பலமே குறையும். மூவாயிரம் கன மீட்டர் பலூன், உள்ள 100 டிகிரின்னு வைங்க. வெளிய 10 டிகிரி இருந்தா சுமார் 900 கிலோ தூக்கும். அதே வெளிய 30 டிகிரின்னா 650 கிலோதான். துணி, கூடை, கேஸ் சிலிண்டர், மனுஷங்க எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். அதனாலதான் நம்மளை நாலரைக்கு எழுப்பறாங்க, நம்ம தூக்கத்து மேல கோவம் ஒண்ணும் இல்ல.

"எல்லாத்துலயும் ரிஸ்க் இருக்கு சார்"னு ஒரு கோஷ்டி வரும். வாங்க, உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

2016 ஜூலை 30. அமெரிக்காவுல டெக்சாஸ், லாக்கார்ட் பக்கம். தாழ்வான மேகம் இருக்கு, சிக்கலா இருக்கலாம்னு வானிலை ஆள் முன்னாடியே சொல்லியிருந்தார். பைலட் கிளம்பினார். மூடுபனியிலயும் மேகத்துக்கு மேலயும் பறந்து, கீழ என்ன இருக்குன்னு தெரியாம இறங்கி, உயர் அழுத்த மின்கம்பியில மோதினார். பைலட்டோட சேத்து 16 பேர், ஒருத்தர் கூட மிஞ்சல. பறக்கணும், தொடரணும், இறங்கணும்னு அவர் எடுத்த முடிவுகளைத்தான் விசாரணை அறிக்கை முதல் காரணமா சொல்லுச்சு. அவருக்கு இருந்த நோய்களும் சாப்பிட்ட மருந்துகளும் கூட சேந்துக்கிச்சு. சுற்றுலா பலூன் ஓட்டறவங்க மருத்துவச் சான்று வாங்கணும்னு அமெரிக்காவுல விதி வந்ததே 2022லதான்.

2012 ஜனவரி 7, நியூசிலாந்து கார்ட்டர்ட்டன். மறுபடி மின்கம்பி, 11 சாவு. 2013 பிப்ரவரி 26, எகிப்து லக்ஸர். இறங்கற நேரத்துல தீ, 21 பேர்ல 19 பேர் போனாங்க. 2025 ஜூன் 21, பிரேசில்ல பிராயா கிராண்டே. கூடையில தீ, 21 பேர்ல 8 பேர் சாவு.

எல்லாத்துக்கும் வானிலை காரணம்னு நான் சொல்ல வரல. லக்ஸர், பிரேசில் ரெண்டும் நெருப்பு சமாச்சாரம். நான் சொல்றது ஒண்ணுதான். இந்த ஆட்டத்துல தப்பு நடந்தா திருத்திக்க இடம் ரொம்பக் கம்மி. பெரும்பாலான பாதுகாப்பு தரையிலயே, கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவாகிடுது. "வேண்டாம்"னு சொல்ற ஒரு வாய், அதான் பாதுகாப்புச் சாதனம். அந்த வாயைத்தான் நாம பன்னெண்டு பேர் சேந்து அடைக்கப் பாத்தோம்.

அடுத்த வாதம்: "கூட்டம் சேரலைன்னா காத்து மேல பழியைப் போட்டுட்டு கேன்சல் பண்ணுவானுங்க." பண்ற ஆளும் இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா அன்னிக்கு இடம் ஃபுல், வண்டி வந்தாச்சு, ஆளுங்க வந்தாச்சு. பறக்காத காலையில அந்தக் கம்பெனிக்கு வரும்படி சைபர். பெட்ரோலும் சம்பளமும் கைக்காசு. இவ்ளோ நஷ்டத்தையும் தாங்கிட்டு ஒருத்தர் "வேண்டாம்"னா அவர் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கு? "பறக்கலாம்"னு சொல்லத்தான் அவருக்கு ஆயிரம் காரணம். அதுல ஒரு காரணம் நம்ம ஒத்தை நட்சத்திரம்.

இங்கதான் எனக்கு உறைச்சுது. பதிவர்கள் நாம சும்மா ஒரு கோவத்துல நாலு வரி தட்டிட்டுப் போயிடறோம். அடுத்த வாரம் அதே பைலட், அதே வயல், காத்து ரெண்டுங்கெட்டானா இருக்கு. பறக்கலாமா வேணாமான்னு யோசிக்கறப்ப போன வாரம் விழுந்த ஒத்தை நட்சத்திரங்கள் ஞாபகம் வந்தா? முதலாளி முகம் ஞாபகம் வந்தா? "சரி, பாத்துக்கலாம்"னு ஒரு சொல் வாயில வந்துட்டா? அந்தக் கூடையில ஏறப்போறது வேற யாரோட வாரிசோ.

அதே அளவு கோவம் எனக்கு டிக்கெட் விக்கறவங்க மேலயும் உண்டு. எங்க ஹோட்டல்ல ஊருக்குக் கிளம்பற நாள் காலைக்குக் கூட பலூன் வித்துட்டு இருந்தாங்க. மதியம் ஃபிளைட் பிடிக்கப் போறவன் காலையில எப்படிப் பொறுமையா இருப்பான்? சண்டை போடத்தான் செய்வான். "உத்தரவாதமான சூரிய உதயம்"னு அட்டையில அடிக்கறான். சூரியன் உதிக்கறதுக்கு இவன் உத்தரவாதம் தரவேண்டியதே இல்லையே? பறக்காத நாளும் இந்த வியாபாரத்துல ஒரு பகுதின்னு பெரிய எழுத்துல போட்டா விக்காதுன்னு பயம்.

சரி, பறந்தோமா இல்லையா? மூணாம் நாள் பறந்தோம். காத்து கிழக்கேயிருந்து மெதுவா, தீவுக்கு உள்பக்கமா. அதே பைலட். நான் அவர் கண்ணைப் பாக்கவே இல்ல. கூடை எப்ப தரையை விட்டுச்சுன்னே தெரியல. பர்னர் அடிக்கறப்ப காதைப் பிளக்கற சத்தம், தலை மயிர் கருகற மாதிரி சூடு. நிறுத்தினா அப்படி ஒரு அமைதி. காத்தோடயே போறதால முகத்துல காத்தே அடிக்காது. கீழ செம்மண், கல் அடுக்கின வேலி, பாதாம் மரம், ஒரு ஆட்டு மந்தை. நாய் குரைக்கறது அவ்ளோ தெளிவா கேக்குது. தூரத்துல த்ரமுந்தானா மலை, 2011ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது. பைலட் ஒரு சின்ன ஊரைக் காட்டி பெத்ரான்னார். கலிபோர்னியாவுல மிஷன்களை நிறுவின பாதிரியார் ஹூனிப்பெரோ செர்ரா 1713ல பொறந்த ஊர். இறங்கறப்ப முட்டியை மடக்கி, கயித்துப் பிடியைப் பிடிச்சுக்கச் சொன்னார். அவ்ளோ மெதுவான காத்துலயே கூடை ரெண்டு தடவை குதிச்சு, சாஞ்சு, கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போச்சு. வேகம் ரெட்டிப்பானா இடியோட சக்தி நாலு மடங்கு. முந்தின நாள் காத்துல இப்படி இறங்கியிருந்தா? மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்து நிறுத்திட்டேன்.

ஷாம்பெயின் குடுத்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சார். "தினமும் யாராவது கோவப்படறாங்க. கோவத்தோட வீட்டுக்குப் போறாங்க, அது போதும்"னார். ரூமுக்கு வந்து அந்த ஒத்தை நட்சத்திரத்தை அழிச்சுட்டு அஞ்சு போட்டேன். பறந்த நாளுக்கு இல்ல, பறக்காத ரெண்டு நாளுக்குன்னு காரணமும் எழுதினேன்.

1783 செப்டம்பர்ல மோங்கோல்ஃபியே சகோதரர்கள் வெர்சாய்ல்ஸ்ல முதமுதலா ஏத்தி அனுப்பினது ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூணும் உயிரோட இறங்குச்சு. அதே வருஷம் நவம்பர்ல மனுஷன் பறந்தான். அப்படிப் பறந்த ரெண்டு பேர்ல ஒருத்தரான பிலாத்ர் த ரொசியே, 1785 ஜூன் 15 இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டப் போய் விழுந்து செத்தார். அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் துணி மாறிருச்சு, எரிபொருள் மாறிருச்சு. காத்து மாறல.

அதனால பலூன் ஏறப்போற மக்களுக்கு: பயணத்தோட முதல் நாளுக்கே புக் பண்ணுங்க, கையில ரெண்டு மூணு காலை மிச்சம் இருக்கட்டும். பறக்கலைன்னா காசு திரும்பி வருமான்னு கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க. வயல்ல நின்னு பைலட்கிட்ட பேரம் பேசாதீங்க. பக்கத்துல எவனாவது பேசினா என்னை மாதிரி தலையாட்டாதீங்க, அவனை அடக்குங்க. விமர்சனம் எழுதறவங்க, கேன்சல் பண்ணதுக்காக நட்சத்திரத்தைக் குறைக்காதீங்க சாமி.

டிஸ்கி: "அப்ப நீ எழுதின அந்த நாலு வரியை எத்தனை பேர் படிச்சிருப்பான்?"னு பின்னூட்டத்துல கேக்கப்போறீங்க. தெரியல. அந்த ரெண்டு நாள் அது அங்க இருந்துச்சு. அந்த உறுத்தல்லதான் இந்தப் பதிவே.